பின் கதிரை இல்லாத விமானம்

ஆஸ்திரேலியாவில், மெல்பேர்னுக்கு வெளியே கிரான்பர்னில் எங்கள் வீட்டுக்கு மேலால் சனிக்கிழமை காலைகளில் சின்ன விமானங்கள் பறக்கும். புல்வெட்டும் இயந்திரத்துக்கு இறக்கை முளைத்ததுபோல ஒரு சத்தம். பக்கத்து வீட்டுக்காரர் நிமிர்ந்தும் பார்க்கமாட்டார். பார்பிகியூவில் சொசேஜைப் புரட்டிக்கொண்டே நிற்பார். நான் மட்டும் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு கராஜுக்குள் பாய்ந்துவிடுவேன். யாழ்ப்பாணத்தில் இந்தச் சத்தம் கேட்டால் குண்டு விழுமென்று பதுங்குகுழிக்கு ஓடிய கால்கள் இவை. நாடு மாறிய செய்தி மூளைக்குக் கிடைத்துவிட்டது, கால்களுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை.

அப்படிப்பட்டவனின் மனைவிதான் இரண்டாயிரத்துப் பதினொன்றில் ஒரு நாள், இடியப்பத்துக்குச் சொதி ஊற்றிக்கொண்டே, "நான் பிளேன் ஓடப் பழகப்போறன்" என்றாள். சுகந்திக்கு முதியோர் இல்லத்தில் வேலை. அங்கே கூட வேலை செய்கிறவர்கள் பிறந்தநாள் பரிசாக ஒருமுறை பறந்துபார்க்கக் கூப்பன் கொடுத்திருந்தார்கள். போனவள் தலைமயிர் கலைந்து, புதுப் பெண்ணைப்போலச் சிரித்துக்கொண்டு திரும்பி வந்தாள். அது அத்தோடு முடிந்தது என்றிருந்தேன். இப்போது இதைக் கேட்டு, "மம், தட்ஸ் சோ ராண்டம்", என்னம்மா திடீரென்று சம்பந்தமில்லாமல், என்று மகள் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். மகன் தலையே நிமிர்த்தவில்லை.

அடுத்த ஞாயிறு விமானத் திடலுக்குப் போனோம். தகரக் கொட்டகை ஒன்று, அதற்குள் கென் என்ற ஆசிரியர். அரைக்காற்சட்டையும் வெயிலில் சுட்ட மூக்குமாக இருந்த மனிதர், தேநீர் ஊற்றியபடி விளக்கினார். பொழுதுபோக்குக்குப் பறக்க இரண்டு வழிகள். ஒன்று, தனியார் விமானி லைசன்ஸ். பயிற்சி நீளம், அதற்கென்றே அனுமதி பெற்ற மருத்துவரிடம் பரிசோதனை, ஆனால் நாலு கதிரை விமானம் ஓடலாம், பெரிய விமான நிலையங்கள் பக்கமும் போகலாம். மற்றது, பொழுதுபோக்கு விமானிச் சான்றிதழ். கார் ஓடுமளவுக்கு உடம்பு சுகமாக இருந்தால் போதும், பயிற்சியும் குறைவு. ஆனால் விமானம் மிகச் சின்னது, பக்கம் பக்கமாக இரண்டே கதிரை. ஓடுகிறவரும் இன்னொருவரும். அவ்வளவுதான்.

வெளியே நின்ற அந்தச் சின்ன விமானத்தைத் தட்டிப் பார்த்தேன். தகர டப்பாவில் தட்டியதுபோல இருந்தது. இது பாதுகாப்பானதா என்று கென்னிடம் கேட்டேன். "ஷீல் பி ரைட், மேட்" என்றார். இந்த நாட்டில் அதற்கு 'எல்லாம் சரிவரும்' என்றுதான் பொருளென்று அப்போது எனக்குத் தெரியாது. மனைவியைப் பற்றிச் சொல்கிறார் என்று நினைத்து, நான் வெகு பணிவாக, "ஓம், ஷீ இஸ் ஆல்வேஸ் ரைட்" என்றேன். கென் தேநீர் சிந்தச் சிரித்தார். அன்றிலிருந்து அந்தத் திடலில் என்னை எல்லோருக்கும் தெரியும்.

செய்தி பரவியது. நண்பர் சிவபாலன் குடும்பத்தோடு வந்து கதிரையில் சாய்ந்துகொண்டு தீர்ப்புச் சொன்னார்.

"தங்கச்சி, நாலு கதிரையை எடும். தமிழ்ச் சனம் எங்கையாவது ரெண்டு பேராப் போனதைக் கண்டிருக்கிறீரோ?"

"அதுதான் அண்ணை பிரச்சினை" என்றாள் சுகந்தி.

"என்ன பிரச்சினை? கோயிலுக்கு, கலியாணத்துக்கு, சிட்னிக்கு எண்டு ஒரு எழும்பு எழும்பினால்…"

எனக்கும் அவர் சொன்னது சரியாகவே பட்டது. நாங்கள் நாலு பேர், கதிரை நாலு. கணக்கு அழகாகப் பொருந்துகிறதே. அவர்கள் போனபிறகு அதைச் சொன்னேன். சுகந்தி குசினியில் கோப்பை கழுவுவதை நிறுத்திவிட்டுத் திரும்பினாள்.

"இஞ்சருங்கோ, இந்த நாட்டுக்கு வந்த நாள் தொடக்கம் நான் வாசலிலை நிக்கிற அந்த வானை ஓடுறன். நடன வகுப்பு, வயலின் வகுப்பு, ஆரின்ரையோ மாமியை எயார்போட்டிலை ஏத்த. பின்னாலை இருந்து எல்லாரும் சொல்லுவினம், இதிலை திரும்பு, ஏசியைக் குறை, அந்தப் பாட்டை மாத்து. நாலு கதிரை எண்டால் நான் ஆகாயத்திலையும் பஸ் டிரைவர்தான். எனக்குப் பின் கதிரை இல்லாத ஒரு வாகனம் வேணும்."

அந்த வானின் பின் கதிரையிலிருந்து அதிகம் பேசியவன் நான்தான் என்பதால், துணியை எடுத்து அவள் கழுவிய கோப்பைகளைத் துடைக்கத் தொடங்கினேன்.

குளிர்காலம் முழுவதும் பயிற்சி நடந்தது. அவள் முதல்முறை தனியாகப் பறந்த அன்று, கொட்டகை வாசலில் நான் கந்த சஷ்டி கவசத்தைப் பாதியில் மறந்துபோய்த் திரும்பத் திரும்பத் தொடங்கிக்கொண்டிருந்தேன். விமானம் இறங்கும்போது முயல்போல இரண்டு தரம் துள்ளியது. கென் கைதட்டினார். நான் புல்லில் உட்கார்ந்துவிட்டேன்.

பிறகு சான்றிதழும், ஆள் ஏற்றும் அனுமதியும் கிடைத்தன. அந்த இன்னொரு கதிரை யாருக்கு என்ற கேள்வியே எழவில்லை. பிள்ளைகள் இருவரும் என்னைக் கைகாட்டினார்கள். கென் என்னைத் தராசில் ஏற்றினார். முள்ளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சுகந்தியிடம் வருத்தத்தோடு சொன்னார்: "இட்ஸ் ஹிம் ஓர் த ஃபியூவல், லவ்." நானும் எரிபொருள் நிறைந்த தாங்கியும் ஒன்றாக எழும்ப முடியாதாம். சுகந்தி உடனே பதில் சொல்லவில்லை. அந்த மௌனம்தான் எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது. கடைசியில் எரிபொருளைப் பாதியாக்கி, நான் இரவுச் சோற்றை விட்டுக் கரட் கடித்து, ஒருவழியாக அனுமதி கிடைத்தது.

ஏறினோம். இரண்டு கைகளாலும் கதிரையின் கீழ்ப் பகுதியைப் பிடித்தபடி, கண்ணை மூடிக்கொண்டே எழும்பினேன். காதுக் கருவிக்குள் அவள் குரல் கேட்டது.

"கண்ணைத் திறவுங்கோ. பேசாமல் பாருங்கோ."

திறந்தேன். கீழே பச்சை வயல்கள், குதிரைகள், தள்ளிக் கடல். ஒரு வீட்டு வளவில் ஒரு பெண் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். சிவப்புத் துவாய்கூடத் தெரிந்தது. சுகந்தி அதையே பார்த்தாள்.

"வடிவாத் தெரியுது, என்ன" என்றாள்.

"ஓம்."

"அப்ப அங்கை குண்டு போட்டவங்களுக்கும் எங்களைத் தெரிஞ்சிருக்கும்."

கதிரையைப் பிடித்திருந்த ஒரு கையை எடுத்து அவள் முழங்காலில் வைத்தேன். உடனே அவள், "கையை எடுங்கோ, பிளேன் ஓடுறன்" என்றாள்.

பிறகு எங்கள் பக்கமாகத் திருப்பினாள். பிள்ளைகள் வளவில் நின்று கைகாட்டுவதாக ஏற்பாடு. கீழே புதுக் குடியிருப்பு, சாம்பல் கூரைகள், ஒரே அச்சில் வார்த்தவை. "அந்தா எங்கடை வீடு" என்று நான் இடது பக்கம் காட்டினேன். "விசரே உங்களுக்கு? இதுதான்" என்று அவள் வலது பக்கம் காட்டினாள். இரண்டு வளவிலும் யாரோ நின்றார்கள். பாதித் தாங்கியில் சண்டைபிடிக்க நேரமில்லை. அவள் தன் வீட்டுக்குக் கைகாட்டினாள், நான் என் வீட்டுக்குக் கைகாட்டினேன். இரண்டு வீட்டிலிருந்தும் பதிலுக்குக் கைகாட்டினார்கள்.