ஒட்டாத வார்னிஷ்

வீட்டில் எனக்குச் சந்தேகப் பிராணி என்று பெயர். சொல்லிக்கொள்ளட்டும். நவுசோரி மார்க்கெட்டில் மீன் வாங்கினால் செவுளைத் தூக்கிப் பார்ப்பேன். விற்கிறவர் சத்தியம் செய்தால் இன்னொரு முறை தூக்கிப் பார்ப்பேன்.

அந்தக் காலத்து ஃபிஜியில் சந்தேகப்படாமல் இருந்தவர்களைத்தான் நான் அதிசயமாகப் பார்த்தேன். ஒரே வருஷத்தில் ராணுவம் இரண்டு தடவை ஆட்சியைப் பிடித்திருந்தது. அதற்குப் பிறகு இந்தியர்களான எங்கள் ஆட்கள் குடும்பம் குடும்பமாக ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா என்று கிளம்பினார்கள். ஆனால் போகப்போகிறோம் என்று ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. கண் பட்டுவிடும், விசா கிடைக்காமல் போனால் அசிங்கம், ஆபீஸில் தெரிந்தால் வேலைக்கே உலை. போன வாரம்தான் கூரைக்குப் புதுத் தகரம் போடுவதைப் பற்றி விலாவாரியாகப் பேசிக்கொண்டிருந்தவர், இந்த வாரம் விமான நிலையத்தில் கழுத்து நிறைய மாலையோடு நின்றார். வழியனுப்பப் போன நாங்கள் அழுதோம். பாதி அழுகை ஏமாந்த கோபத்தில் வந்தது.

ஆகவே அடையாளம் பார்க்கக் கற்றுக்கொண்டோம். நல்ல கறவை மாட்டை ஒருவர் விற்றால் சந்தேகம். மிளகாய் நாற்றுக் கொடுத்தால் வேண்டாம் என்றால் சந்தேகம். அந்த வெயிலில் ஸ்வெட்டர் பின்னினால் சந்தேகமே வேண்டாம். எல்லாவற்றையும் விடப் பெரிய அடையாளம் பல். வெளிநாட்டில் பல் வைத்தியத்துக்குக் கொள்ளைக் காசு ஆகுமாம். போகிறவர்கள் எல்லாரும் இங்கேயே பல்லை அடைத்து, பிடுங்க வேண்டியதைப் பிடுங்கிக்கொண்டு கிளம்பினார்கள். இந்தப் பல் விஷயத்தைக் கண்டுபிடித்துத் தெரு முழுக்கச் சொன்னவள் நான்தான். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

எங்கள் வீடும் என் அண்ணன் வீடும் ஒரே காம்பவுண்டில் இருந்தன. நடுவில் ஒரு குழாய். என் கணவர் தலைநகர் சுவாவில் ஒரு ஆபீஸில் குமாஸ்தா, தினமும் பஸ்ஸில் போய் வருவார். அண்ணனுக்கு மெக்கானிக் வேலை. ஆண்களும் பிள்ளைகளும் இந்திதான் பேசுவார்கள். என் கணவருக்குத் தமிழ் கோயில் பாட்டு அளவுக்குத்தான். அண்ணி மட்டும் ட்ரெகேட்டி பக்கத்தில் நெல் பயிரிடும் குடும்பத்தில் பிறந்தவர். அவர்கள் வீட்டில் எல்லாரும் தமிழ் பேசுவார்கள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என்னோடு வேறு பாஷையில் அவர் பேசியதே இல்லை. மாமியார் கதை, பிரசவ வலி, மனசுக்குள் குமுறியது எல்லாவற்றையும் நாங்கள் குழாயடியில் தமிழில் கொட்டினோம். சுற்றி எத்தனை பேர் இருந்தாலும் அது எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான். அவர் போய்விட்டால் அந்த ஊரில் நான் வாயிருந்தும் ஊமை. என் பயம் அதுதான்.

நாங்கள் இருவரும் சேர்ந்து பொம்மை செய்தோம். அண்ணி அச்சில் பிளாஸ்டர் ஊற்றி எடுப்பார், நான் வண்ணம் தீட்டுவேன். எங்கள் மாரியம்மன் கோயில் தீமிதித் திருவிழாவை ஒரு செட்டாகச் செய்திருந்தோம். மஞ்சள் உடுத்தித் தீ மிதிக்கிறவர்கள், கரகம் எடுக்கிற பெண், மேளக்காரர், உடம்பெல்லாம் திருநீறு பூசின பூசாரி. எல்லாம் கையில் அடங்குகிற உயரம். சுவாவில் ஒரு கடை கப்பல் பயணிகளுக்காக வாங்கிக்கொண்டிருந்தது. துப்பாக்கியைப் பார்த்த பிறகு பயணிகள் வரவில்லை, கடையும் வேண்டாம் என்றுவிட்டது. முதன்முதலில் செய்த செட் மட்டும் விற்காமல் அண்ணியின் கண்ணாடி அலமாரியில் இருந்தது. அவ்வளவு நன்றாக நாங்கள் அப்புறம் செய்யவே இல்லை.

நவுசோரி ஈரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அலமாரிக்குள்ளேயே பூசாரியின் முதுகில் பூசணம் புள்ளி புள்ளியாக வந்தது. மேலே ஏதாவது பூசி மூடலாம் என்று நான் வருஷக்கணக்காகச் சொல்லிப் பார்த்தேன். "அதெல்லாம் எதுக்கு, தொடச்சா போயிடும்" என்பார் அண்ணி. அப்படிப்பட்டவர் ஒரு நாள் துணி காயப்போட்டுக்கொண்டே, "அந்த செட்டுக்கு நல்லதா ஒரு வார்னிஷ் போட்டுடலாம் புள்ளே. ரொம்ப வருஷம் தாங்கணும்" என்றார்.

இத்தனை நாள் இல்லாத அக்கறை இப்போது எதற்கு? அங்கே ஆரம்பித்தது எனக்கு.

முதலில் நவுசோரி ஹார்ட்வேர் கடையில் மர வார்னிஷ் வாங்கினோம். கண்ணாடி மாதிரி இருக்கும் என்றார் கடைக்காரர். டின்னைத் திறந்தால் தேன் நிறம். நான் அப்போதே மூக்கைச் சுளித்தேன். கை உடைந்த ஒரு பழைய பூசாரி பொம்மையின் மேல் பூசி ஜன்னலில் வைத்தோம். சில நாளில் திருநீறு சந்தனமாகிவிட்டது. முகமெல்லாம் எண்ணெய் வழிந்தது. பூசாரி தலைக்குக் குளிக்கக் கிளம்பியவர் போல் இருந்தார்.

அடுத்து சுவாவுக்குப் போய் லேக்கர் என்கிற ஸ்ப்ரே பூச்சு வாங்கினோம். அந்தக் கடையில்தான் அண்ணி என்னை உலுக்கிவிட்டார். "இது குளிர் ஊர்ல வெடிக்காதா?" என்று இந்தியில் கேட்டார். கடைக்காரர் வெடிக்காது என்றார். "பேப்பர்ல சுத்தி ரொம்ப நாள் வச்சா ஒட்டிக்குமா?" என்று அடுத்த கேள்வி. கண்ணாடி அலமாரியில் நிற்கிற பொம்மைக்குக் குளிர் எதற்கு, பேப்பர் எதற்கு? நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் சட்டென்று பிரஷ் பார்க்கிறவர் போலத் திரும்பிக்கொண்டார்.

வேறொரு பழைய பொம்மையில் நாங்கள் அதை அடித்த அன்று மழை. ஈரத்தில் லேக்கர் வெள்ளைப் புகை படிந்தாற்போல் மங்கிவிட்டது. வெயில் வந்தபின் மறுபடி அடித்ததில் தெளிந்து, தொட்டால் விரல் ஒட்டாமல் காய்ந்தது. அண்ணிக்குப் பிடித்துவிட்டது. எனக்கு அதன் பளபளப்பு பிடிக்கவில்லை. மூன்றாவதாகத் தண்ணீரில் கரைகிற, பளபளப்பு இல்லாத ஒன்றை வாங்கினோம். டின்னுக்குள் பால் போல் இருந்தது. பால் நிறத்தில் இருப்பது காய்ந்தால் எப்படித் தெளியும்? ஏமாற்று வேலை என்றேன். இன்னொரு பழைய பொம்மையில் பூசிக் காயவிட்டோம், பூசினதே தெரியவில்லை. பூசியதே தெரியவில்லையென்றால் அங்கே ஏதாவது இருக்கிறதா என்று அதையும் சந்தேகப்பட்டேன். ஈரத்துணியால் தேய்த்தேன். வண்ணம் அசையவில்லை.

அதற்குள் என் கவனம் வார்னிஷிலிருந்து அண்ணிக்குப் போய்விட்டது. என் வீட்டில் பழைய பேப்பர் இருந்தால் கொடு என்றார். மிளகாய் நாற்றுக் கொண்டுபோனால் "நீயே வச்சுக்கோ" என்றார். என் பிள்ளைகள் விளையாடுவதைக் காரணமே இல்லாமல் நின்று பார்த்தார். நான் பார்ப்பது தெரிந்தால் உள்ளே போய்விடுவார். அந்த வாரம் என் கணவர் சுவாவில் பல்லை அடைத்துக்கொண்டு வீங்கின கன்னத்தோடு வந்து படுத்திருந்தார். அவருக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்துவிட்டு, நான் ஜன்னல் வழியாக அண்ணியின் சமையலறையைக் கண்காணித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் மாவு சலிக்கச் சல்லடை இரவல் வாங்க அண்ணி வீட்டுக்குப் போனேன். அவர் குழாயடியில் இருந்தார். சமையலறையில் அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒரு பிஸ்கட் டின். நான் தேடவில்லை, கண்ணில் பட்டது. கண்ணில் பட்டபின் சும்மா விடுகிற ஆள் நான் இல்லை. மூடியைத் திறந்ததும் கற்பூர வாசனை குப்பென்று அடித்தது. உள்ளே பேப்பரில் சுற்றின பொம்மைகள்.

மூட்டை கட்ட ஆரம்பித்தாயிற்று! ஒன்றைப் பிரித்தேன். பிரிந்து வரவில்லை. நாங்கள் லேக்கர் அடித்துப் பார்த்த பொம்மைதான். பேப்பர் அதன் முகத்தில் தோல் மாதிரி ஒட்டியிருந்தது. லேக்கர் பிசுபிசுவென்று இளகி, அதற்குள்ளேயே கற்பூரம் மணத்தது. பால் டின் பூச்சு போட்ட பொம்மையில் லேசாகத்தான் ஒட்டியிருந்தது, இழுத்ததும் வந்துவிட்டது.

அண்ணி ஈரக் கையோடு வந்து நின்றார்.

"அத்த ஏன் தொறந்தே?"

"எப்பப் போறீங்க அண்ணி? அத்த மொதல்ல சொல்லுங்க."

"யாரு, நானா? நான் எங்க போறேன்?"

"பொய் சொல்லாதீங்க. குளிர்ல வெடிக்குமான்னு கேட்டீங்க. பேப்பர் கேட்டீங்க. என் கையாலயே வேலைய வாங்கிக்கினு, என்கிட்டயே மறைக்கிறீங்க. உங்களுக்கு எப்படி மனசு வந்துச்சு?" நான் அழ ஆரம்பித்துவிட்டேன்.

அண்ணி அப்படியே தரையில் குந்திவிட்டார்.

"உன் ஊட்டுக்காரர் உன்கிட்ட சொல்லலியா?" என்றார்.

"இன்னா சொல்லணும்?"

"நியூசிலாந்துல ஆக்லாந்துக்குப் போறதுக்கு எழுதிப் போட்டிருக்காராமே, அவங்க அக்கா மூலியமா. ராத்திரி உக்காந்து நங்கோனா வேர்த்தண்ணி குடிக்கச்சே உங்க அண்ணன்கிட்ட சொல்லியிருக்காரு. யாருக்கும் தெரியக்கூடாதுன்னாராம். உங்க அண்ணன் வாயில என்னிக்கு நின்னுது? எனக்குத் தெரிஞ்சிபோச்சு." முந்தானையால் கையைத் துடைத்தார். "நீயும் சேந்துதான் மறைக்கிறேன்னு நெனச்சேன் புள்ளே. இன்னிக்குச் சொல்லுவே, நாளைக்குச் சொல்லுவேன்னு பாத்துக்கினே இருந்தேன். நீ என்னை மொறைச்சி மொறைச்சிப் பாத்தியே தவிர வாயத் தொறக்கல. சரி, போவச்சே இந்த செட்டையாவது நல்லபடியா குடுத்தனுப்பலாம்னுதான்..."

டின் எங்கள் நடுவில் திறந்து கிடந்தது.

கொஞ்ச நேரம் கழித்து, கற்பூரம் எதற்குப் போட்டீர்கள் என்று கேட்டேன். "கரப்பான் வராம இருக்கத்தான். பட்டுப் புடவைக்குப் போடறோமே" என்றார். எங்கள் வீடுகளில் மூடி வைக்கிற பொருள் எதுவானாலும் உள்ளே ஒரு வில்லை கற்பூரம் போட்டுவிடுவோம். சாமிக்கு ஏற்றுகிற கற்பூரம் கெடுதல் செய்யும் என்று எங்களில் யாருக்கும் தோன்றாது. எனக்குத் தோன்றியது. பிற்பாடு அது இல்லாமல் இன்னொரு லேக்கர் பொம்மையைச் சுற்றி வைத்துப் பார்த்தோம், பேப்பர் ஒட்டவில்லை. அந்த ஒரு சந்தேகமாவது சரியாகப் போனது.

டின்னைத் திறந்த அன்று சாயங்காலமே என் கணவர் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்து உட்கார்ந்ததும் கேட்டேன். மறுக்கவில்லை. "உன்னிடம் சொன்னால் அண்ணியிடம் சொல்வாய். கிடைக்காமல் போனால் வீணாக எல்லாருக்கும் வருத்தம். கிடைத்ததும் சொல்லலாம் என்றிருந்தேன்" என்று இந்தியில் நிதானமாகச் சொன்னார். பேசப் பேச, அவர் பின்பல்லில் புது அடைப்பு பளிச் பளிச்சென்றது. கஞ்சியை ஆற வைத்து ஊட்டாத குறையாகக் கொடுத்தவள் நான். அன்றிரவு அவருக்கு நான் சோறு போடவில்லை.

விசா வந்தது. பால் டின் பூச்சுதான் என்று முடிவு செய்தோம். திருநீற்றுக்கும் உடம்புக்கும் அதை மெல்லிசாக இரண்டு கோட்டு. கரகத்துக்கும் கண்களுக்கும் மட்டும், பளபளப்பு வேண்டும் என்று, லேக்கரை ஒரு மூடியில் பீய்ச்சி நுனிப் பிரஷ்ஷால் தொட்டு வைத்தேன். கற்பூரம் கிடையாது. அண்ணி தன் பழைய வாயில் புடவையைக் கிழித்து ஒவ்வொன்றாகச் சுற்றினார். பேப்பர் ஒட்டின பொம்மையைக் குப்பையில் போடப் போனேன்.

"அத்த வுடு. அது எனக்கு இருக்கட்டும்" என்று வாங்கி அலமாரியில் வைத்துக்கொண்டார்.

இந்த ஆக்லாந்து வீட்டில் செட் இன்னும் புதுசாக இருக்கிறது. வெடிக்கவில்லை, மஞ்சளாகவில்லை, பூசாரியின் திருநீறு திருநீறாகவே இருக்கிறது. இருந்தாலும் அலமாரியைத் திறந்தால் முகர்ந்து பார்க்காமல் மூடமாட்டேன். கணவர் பல் வைத்தியரிடம் போகிறேன் என்றால் நானும் கோட்டை மாட்டிக்கொண்டு கூடக் கிளம்புவேன். அவர் சிரிப்பார். நான் சிரிப்பதில்லை. அந்த வருஷம் நான் சந்தேகப்பட்டதில் தப்பே இல்லை, ஆளைத்தான் தப்பாகப் பிடித்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஃபோனில் மட்டும்தான் எனக்குத் தமிழ். எடுத்ததும் அண்ணி, "பொம்மைங்கல்லாம் நல்லா இருக்குதா புள்ளே?" என்று கேட்பார். அப்புறம் குழாயில் தண்ணீர் சரியாக வரவில்லை என்பார். போய்விடுவார் என்று நான் ஜன்னலில் நின்று காவல் காத்த அந்த ஒருத்தர், இன்னும் நவுசோரியில் அதே வீட்டில்தான் இருக்கிறார்.