கமலவேணி கொடுத்த நாற்று

கமலவேணியின் கை சும்மா இருக்காது. ராட்டையில் உட்கார்ந்தால் தார் சுற்றும். எழுந்தால் யாருக்காவது எதையாவது கொடுக்கும். தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் வைக்கிற குச்சியில் பட்டு நூலைச் சுற்றுவதுதான் தார் சுற்றுவது. பிள்ளையார்பாளையத்தில் அவள் தெருத் தறிகளுக்கெல்லாம் அவள் சுற்றிய தார்தான் ஓடியது.

புருஷன் போய்ச் சேர்ந்து வெகுகாலம். பிள்ளையும் இல்லை. ஆனால் சொந்தத்துக்குக் குறைவில்லை. இன்னாருக்கு நீ என்ன வேணும் என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், ராட்டையை நிறுத்திவிட்டு, கொள்ளுத்தாத்தாவின் இரண்டாம் தாரத்திலிருந்து ஆரம்பிப்பாள். கேட்டவர் எழுந்து போனாலும் முடித்துவிட்டுத்தான் மறுபடி நூலைத் தொடுவாள்.

மாடியில் சிமெண்டு ஷீட் போட்ட அறை ஒன்று இருந்தது. அதில் கலைவாணன் என்று ஒருவன் குடியிருந்தான். ஒரகடத்தில் ஏதோ கம்பெனியில் ஷிப்டு வேலை. வாயில்லாதவன். சாயக்காரர் வேண்டாம் என்று போட்ட பீப்பாய்களைப் பாதியாக அறுத்து, மண் போட்டு, செடி வைத்திருந்தான். ஒருநாள் புடவை உலர்த்த மேலே போன கமலவேணி அதைப் பார்த்தாள். விரல் விரித்த கை மாதிரி இலை, ஓரமெல்லாம் பல். அவளுக்கு உடனே வாயில் எச்சில் ஊறியது.

கமலவேணி வகையறா வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். புளிச்சக்கீரை என்றால் உயிர். கோங்கூரா என்பார்கள். அதன் இலையும் அப்படித்தான் இருக்கும்.

"கோங்கூராவாப்பா?" என்று கேட்டாள். அவன் செல்போனிலிருந்து தலையைத் தூக்காமல் ஆமாக்கா என்றான்.

பிறகு அவன் ஊர்த் திருவிழாவுக்குப் போனான். தண்ணீர் மட்டும் ஊற்றச் சொல்லிவிட்டுப் போனான். ஒரு பீப்பாயில் விதை கொட்டி, நாற்று நெருக்கமாக முளைத்திருந்தது. நெருக்கமாக இருந்தால் எதுவுமே தேறாது என்று அவளுக்குத் தெரியும். மூன்றைக் களைந்தாள். களைந்ததைத் தூக்கி எறிய மனசு வரவில்லை. ஓர் இலையைக் கிள்ளி வாயில் போட்டுப் பார்த்தாள். புளிக்கவில்லை. ஒருமாதிரி காரல் வாடை அடித்தது. வெயில் போதவில்லை, போகப் போகப் புளிப்பு ஏறும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

நாற்று மூன்று வீட்டுக்குப் போனது. ஒன்று, பக்கத்துத் தெரு ஜெயம்மாளுக்கு. அவள் கமலவேணியின் கொழுந்தன் பெண்சாதி. இன்னொன்று, முசரவாக்கத்து ராமலிங்கத்துக்கு. அவன் தாய்மாமன் மகன், தறியை விட்டுவிட்டுக் குத்தகை நிலமும் கட்சிக் கரைவேட்டியுமாகத் திரிகிறவன். மூன்றாவதுதான் முக்கியமானது. அதைப் புதுத் தொட்டியில் வைத்து, தொட்டிக்கு மஞ்சள் பூசி, கூரத்துக்குக் கொண்டுபோனாள். அங்கே சத்யப்ரியாவைக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். கமலவேணியின் தங்கை துளசியின் ஒரே பெண். துளசி இப்போது இல்லை. பெண்ணுக்குத் தலைச்சன், மசக்கை. அவர்கள் வகையறாவில், மசக்கைக்காரிக்குப் பிறந்த வீட்டிலிருந்து புளிப்புச் செடி ஒன்று தொட்டியோடு போக வேண்டும். துளசி இருந்து செய்ய வேண்டியதை அக்காக்காரி செய்தாள்.

அந்த முறைக்கு ஒரு கண்டிப்பும் உண்டு. கொடுத்த தொட்டியைப் பிறந்த வீட்டார் திரும்பக் கேட்கவே கூடாது. கேட்டால் வயிற்றில் இருப்பதையே திரும்பக் கேட்டது போல. கமலவேணியின் அத்தை ஒருத்தி தொட்டி நல்ல வெண்கலம் என்று திரும்பக் கேட்டு, அதன் பிறகு அந்த வீட்டில் நடந்ததை இன்றைக்கும் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

ஊரிலிருந்து வந்த கலைவாணன் பீப்பாயைப் பார்த்துவிட்டுத் தடதடவென்று இறங்கி வந்தான். நாற்றை யாருக்குக் கொடுத்தாள் என்று கேட்டான். அவள் ஜெயம்மாளின் மாமனார் வழியிலிருந்து ஆரம்பித்து விளக்கமாகச் சொன்னாள். அவன் முகம் வெளுத்தது. மறுநாள் காலையில் அறை பூட்டிக் கிடந்தது. பீப்பாய்களில் செடி இல்லை. கேட்காமல் எடுத்ததில் பையனுக்குக் கோபம் போலிருக்கிறது என்று அவள் வருத்தப்பட்டாள்.

ஒரு மாதம் கழித்து, விஷயம் டேனியல் மூலமாகத்தான் விளங்கியது. எதிர்வீட்டு டேனியல் ஆட்டோ ஓட்டுகிறவன். காலையில் டீயைக் குடித்துக்கொண்டே செல்போனில் ஊர்ச் செய்தியை உரக்கப் படிப்பான், இவள் தார் சுற்றிக்கொண்டே கேட்பாள். கொஞ்ச நாளாகக் கஞ்சா வழக்குதான் செய்தி. ஓரிக்கையில் மொட்டை மாடியில் செடி வளர்த்தவனைப் பிடித்தார்கள். செவிலிமேட்டில் கோழிக்கூண்டுக்குப் பின்னால் வளர்த்த அண்ணன் தம்பி மாட்டினார்கள். ரயில்வே ரோட்டுப் பக்கம் ஒருவன் அறைக்குள்ளேயே விளக்குப் போட்டு வளர்த்தானாம்.

"ஒருத்தன் மாட்டுனா, அவன் யார் யாருக்கு நாத்து குடுத்தானோ அங்கெல்லாம் ஜீப்பு போகுதுக்கா. தெருத்தெருவா தேடிக்கினு கீறாங்க," என்றான் டேனியல். "இதான் பாரு செடி."

செல்போனை அவள் முகத்துக்கு நேரே நீட்டினான். விரல் விரித்த கை மாதிரி இலை, ஓரமெல்லாம் பல். ராட்டை சுற்றிய வேகத்தில் நூல் பட்டென்று அறுந்தது.

"இன்னாக்கா, உனக்கு நூல் அறுந்து நான் பார்த்ததே இல்லியே."

"பொம்பளைங்க வச்சிருந்தாலும் புடிப்பாங்களாப்பா? புள்ளத்தாச்சியா இருந்தா?"

"செடி யார் வூட்ல இருக்குதுன்னுதான் பார்ப்பாங்க. உள்ள போனா சீக்கிரம் வெளிய வர முடியாதாம்."

அதற்கு மேல் அவளால் உட்கார முடியவில்லை. அறுந்த நூலை முடிச்சுப் போடாமலே எழுந்தாள். கதவைப் பூட்டினாளா என்று பாதித் தெரு போய்த் திரும்பி வந்து பார்த்தாள். போலீசு மட்டுமா? சத்யப்ரியா அந்த இலையைக் கடைந்து தின்றிருந்தால்?

முதலில் ஜெயம்மாள் வீடு. ஜெயம்மாள் அவளைப் பார்த்ததும் பின்கட்டுக் கதவைச் சாத்தினாள். செடி எங்கே என்று கேட்டதற்கு, இருக்குது இருக்குது, நல்லா இருக்குது, காபி குடி என்றாள். கமலவேணி அவளைத் தள்ளிக்கொண்டு பின்னால் போனாள். பட்டு அலசிய சோப்புத் தண்ணீரை மறந்து போய் ஊற்றியிருக்கிறாள். செடி கருகி, ஈர்க்குச்சியாக நின்றது.

"செத்துப்போச்சா?" என்று கமலவேணி வாயெல்லாம் பல்லாகக் கேட்டாள்.

ஜெயம்மாளுக்குச் சுருக்கென்றது. "ஏங்க்கா, என் கையி ராசியில்லாத கையின்னு பார்க்கத்தான் இந்த வெயில்ல ஓடியாந்தியா? சந்தோசமா?"

சமாதானம் சொல்ல நேரமில்லை. குச்சியைப் பிடுங்கிச் சாக்கடையில் அமுக்கிவிட்டு முசரவாக்கத்துக்கு பஸ் ஏறினாள். உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே போனாள்.

ராமலிங்கம் எதையும் மறைத்துச் செய்கிறவன் இல்லை. நாற்றைத் தன் வீட்டு வாசலில், கட்சிக் கொடிக்கம்பத்தின் அடியில், ஊர் பார்க்க நட்டிருந்தான். அது முழங்கால் உயரம் வளர்ந்து செழித்து நின்றது. அதன் பக்கத்தில் நாற்காலி போட்டு, காக்கி உடுப்பில் ஏட்டு ஒருவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். ஏதோ வரப்புத் தகராறு பற்றிப் பேச்சு. பேசிக்கொண்டே அவர் கை செடிப்பக்கம் போய் ஓர் இலையைக் கிள்ளியது. விரலில் வைத்து உருட்டியது.

ஏட்டு இலையை உதறிவிட்டு, டம்ளரை வைத்துவிட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு போனார். அந்த வண்டி திரும்பி மறைந்ததும் கமலவேணி குனிந்து செடியை வேரோடு பிடுங்கினாள்.

"இன்னாம்மே, வந்ததும் வராததுமா?" என்றான் ராமலிங்கம். "உங்கப்பன் எனக்கு உன்னைக் குடுக்காம ஏமாத்துனான். நீ குடுத்த கீரையையும் புடுங்கிக்கினு போறியா?"

"மாவுப்பூச்சி வுழுந்துருக்குது மாமா. உன் கத்திரிக்கு ஒட்டிக்கும்."

அவன் சிரித்தான். பூச்சியைக் காணோமே என்றான். அவள் காதில் வாங்காமல் பின்பக்கம் எருக்குழிக்குப் போய், சாணத்துக்குள் காலால் மிதித்து அமுக்கினாள். கணுக்கால் வரை சாணம். அதைக் கழுவிக்கொள்ளச் சொம்பில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே ராமலிங்கம் மெதுவாகச் சொன்னான், நேற்று முதல் தனக்கும் அந்த வாடையில் ஒரு சந்தேகம் இருந்தது என்று. அதற்கு மேல் அவன் கேட்கவில்லை. எங்கே போக வேண்டும் என்று மட்டும் கேட்டு, மோட்டார் சைக்கிளில் கூரம் வரை கொண்டுபோய் விட்டான். வழியெல்லாம் அவள் அவனை வேகமாகப் போ வேகமாகப் போ என்று முதுகில் குத்திக்கொண்டே வந்தாள்.

சத்யப்ரியாவின் மாமியார் எல்லம்மாள் லேசுப்பட்டவள் இல்லை. மருமகளைக் கண்ணும் கருத்துமாகப் பார்ப்பாள், ஆனால் சம்பந்தி வீட்டுக் குறை ஒன்று கிடைத்தால் அதை வருஷக்கணக்கில் வைத்துச் சாப்பிடுவாள். கமலவேணி உள்ளே நுழைந்தபோது முற்றத்தில் தொட்டி மொட்டையாக நின்றது. இலை ஒன்றுகூட இல்லை.

சத்யப்ரியா பாயில் சாய்ந்து படுத்திருந்தாள். "வா பெத்தம்மா," என்றாள். பெரியம்மாவை அந்த வீடுகளில் அப்படித்தான் கூப்பிடுவது.

"கீரை தின்னியா?" என்றாள் கமலவேணி. வா என்றதற்குப் பதில்கூடச் சொல்லவில்லை.

"இல்லியே. அத்தை இன்னிக்குத்தான் பறிச்சாங்க."

அடுப்படியில் எல்லம்மாள் மிளகாய் வதக்கிக்கொண்டிருந்தாள். இலைகள் முறத்தில் இருந்தன, கழுவிக்கூட ஆகவில்லை. கமலவேணி முறத்தைப் பார்த்தாள். அப்படியே அள்ளிக்கொண்டு ஓடலாம். தவறிக் கீழே கொட்டுவது போலக் கொட்டலாம். ஆனால் செடி மறுபடி துளிர்க்கும், இவர்கள் மறுபடி பறிப்பார்கள், இல்லாவிட்டால் ஜீப்பு வரும். தொட்டியைத் திரும்பக் கேட்க முடியாது. உண்மையைச் சொன்னால், இந்தப் பெண் காலமெல்லாம் இந்த அடுப்படியில் அதைக் கேட்டுக்கொண்டே சமைக்க வேண்டும்.

எல்லம்மாள் கரண்டியோடு திரும்பினாள். "இன்னா சம்பந்தியம்மா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறே?"

கமலவேணி சொல்லிவிட்டாள். மாடி, பீப்பாய், கலைவாணன், டேனியல் காட்டிய படம் எல்லாவற்றையும், தாழ்ந்த குரலில், பாயில் இருப்பவளுக்குக் கேட்காமல். பின்னர் கை கூப்பினாள். "தொட்டியை நான் கேக்கல. கேக்க மாட்டேன். ஆனா அவ வாயில மட்டும் அது பட வேணாம்."

எல்லம்மாள் அடுப்பை அணைத்தாள். மிளகாய் நெடியில் இருவருக்கும் கண் கலங்கியது, இருமல் வந்தது. பிறகு அவள் முறத்தைத் தூக்கினாள், முற்றத்துக்குப் போய்த் தொட்டியில் இருந்த தண்டைப் பிடுங்கினாள், இரண்டையும் கொல்லையில் குழி தோண்டிப் புதைத்து, மேலே கல்லை வைத்தாள். தொட்டியைக் கழுவித் துளசிச் செடியை அதில் மாற்றி வைத்தாள்.

"நீ எதையும் திருப்பிக் கேக்கல," என்றாள். "என் வூட்டுச் செடி. எனக்குப் புடிக்கல, நானே புடுங்கிட்டேன். போ, போயி மூஞ்சி கழுவு. இன்னும் கொஞ்சம் வுட்டிருந்தா என் பேரப்புள்ள சிரிச்சிக்கினே பொறந்திருக்கும்."

மறுநாள் ஜீப்பு பிள்ளையார்பாளையத்துக்கு வந்தது. பிடிபட்டிருந்த கலைவாணனை இறக்கி மாடிக்குக் கூட்டிப்போய்ப் படம் எடுத்தார்கள். மண்ணைப் பையில் அள்ளினார்கள். தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. அதிகாரி கீழே வந்து கமலவேணியை விசாரித்தார். நாற்று வெளியே யாருக்காவது போனதா என்று கேட்டபோது கலைவாணன் தலையைக் குனிந்துகொண்டான். ஜெயம்மாள், ராமலிங்கம், சத்யப்ரியா என்று எல்லாப் பெயரும் அவனுக்குத் தெரியும், இவளே சொன்னதுதான். அவன் வாயைத் திறக்கவில்லை.

"தெரியாதுங்க," என்றாள் கமலவேணி.

"இந்த ஊர்ல உனக்குச் சொந்தக்காரங்க யார் யார் இருக்காங்கம்மா?"

"யாரும் இல்லீங்க."

எதிர்வாசலில் நின்ற டேனியல் சட்டென்று வேறு பக்கம் பார்த்தான். கூட்டத்தில் நின்ற ஜெயம்மாளுக்கு முகம் செத்தது. யாரும் இல்லாத பொம்பளை என்று எழுதிக்கொண்டு, கூப்பிடும்போது வர வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அன்றிலிருந்து தெருவில் வண்டிச் சத்தம் கேட்டால் அவளுக்கு நூல் அறுகிறது. காலையில் எழுந்ததும் மேலே போய், பீப்பாயில் சிந்திய விதை ஏதாவது முளைத்திருக்கிறதா என்று மண்ணைக் கிளறிப் பார்க்கிறாள். ஜெயம்மாளிடம் போய் விஷயத்தைச் சொல்லி, கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டு வந்தாள். ஜெயம்மாள் இன்னும் முழுசாகச் சமாதானம் ஆகவில்லை.

கூரத்திலிருந்து போன் வந்தது. சத்யப்ரியாவுக்குப் புளிப்பு கேட்கிறதாம். எல்லம்மாள்தான் பேசினாள். செடி வேண்டாம் தாயே, கட்டுக் கீரையாக வாங்கிக்கொண்டு வா என்றாள்.

கமலவேணி மார்க்கெட்டுக்குப் போனாள். புளிச்சக்கீரைக் கட்டைக் கையில் எடுத்து, ஓர் இலையைக் கிள்ளி மென்றாள். அடுத்த கட்டிலும் கிள்ளினாள். அதற்கடுத்த கட்டிலும்.

"இன்னாம்மா, வாங்க வந்தியா, மேய வந்தியா?" என்றாள் கீரைக்காரி.

கமலவேணி மென்றுகொண்டே இருந்தாள். பல் கூசியது, நாக்கு சுருண்டது, கண்ணில் தண்ணீர் வந்தது. இன்னும் ஒரு இலையைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டாள்.