நௌஷிதாவின் குரலில் வந்த செய்தி

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் ஒரு சுக்குக் கிடங்கு. சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு, அங்கே பில் போட்டுக்கொண்டிருந்த நௌஷிதா தன் குரலையே கேட்டாள். சுக்கு புடைக்கும் பெண் ஒருத்தியின் போனிலிருந்து அது வந்தது. பிள்ளை பிடிக்கும் கும்பல் தோப்பும்படியில் இறங்கியிருக்கிறது, தலைமுடி வாங்குகிறவர்கள்போல் சாக்கோடு வீடுவீடாக வருகிறார்கள், கண்டால் விடாதீர்கள் என்று அவள் குரல் மலையாளத்தில் நிதானமாக வாசித்தது. வாக்கியத்தின் கடைசிச் சொல்லைச் சற்றே தாழ்த்தும் அவள் பழக்கம்கூட அதில் இருந்தது.

அவள் அப்படியொரு செய்தியை வாசித்ததில்லை. செய்தி வாசிப்பதை விட்டே ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது.

அதற்கு முன் பதின்மூன்று வருஷம் உள்ளூர் கேபிள் சேனலில் அவள்தான் செய்தி. வீட்டில் பேசுவது தமிழ், சேனலில் மலையாளம். எந்தத் தெருவில் தண்ணீர் வராது, எந்த வீட்டில் மவுத்து, எப்போது அடக்கம், என்றைக்குப் படகு ஓடாது என்பதையெல்லாம் ஊர் அவள் வாயால்தான் கேட்டது. நௌஷிதா சொன்னால் பிறகு யாரையும் விசாரிக்க வேண்டியதில்லை என்று இருந்தார்கள். சேனல் நடத்திய சங்கர்ராம் ஒருமுறை அவளை நான்கு நாள் மைக் முன்னால் உட்கார வைத்து, சம்பந்தமில்லாத வாக்கியங்களாக வாசிக்க வைத்துப் பதிவு செய்தார். சேமித்து வைக்கத்தான் என்றார். அடுத்த மாதம் இனி வரவேண்டாம் என்றார். அன்று மாலைச் செய்தியும் அவள் குரலில்தான் வந்தது, கம்ப்யூட்டர் வாசித்தது. அவள் போய்விட்டதே ஊரில் பாதிப்பேருக்குத் தெரியாது.

போனைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே தெருவில் சத்தம் எழுந்தது. நௌஷிதா செருப்புப் போடாமல் ஓடினாள்.

சாயாக்கடை முன்னால் நாற்பது, ஐம்பது பேர் நின்றார்கள். நடுவில் இசக்கிதுரை கிடந்தார். சங்கரன்கோவில் பக்கத்துக்காரர். மாதம் ஒருமுறை வந்து, பெண்கள் சீவிச் சேர்த்த முடியை வாங்கிக்கொண்டு பாத்திரம் கொடுப்பவர். போன ரம்ஜானுக்கு நௌஷிதாவே அவரிடம் ஒரு தூக்குவாளி வாங்கியிருக்கிறாள். அவருடைய சாக்கைக் கிழித்துக் கொட்டியிருந்தார்கள். நீள நீளமான கறுப்பு முடி ரோடெங்கும் கிடந்து, ரத்தத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. பிள்ளைகளின் முடி என்று ஒருவன் கத்தினான். ஒருவன் செங்கல்லை எடுத்து அவர் கைவிரல்கள்மேல் போட்டான். இன்னொருவன் முகத்தில் மிதித்தான். அவர் ஏதோ சொல்ல வாய் திறந்தார். பல்லும் ரத்தமும்தான் வந்தன.

ஷட்டர் இழுக்கும் இரும்புக் கம்பியோடு நின்றவன் அல்தாஃப். அவளுடைய அடுத்த வீட்டுக்காரன், சாயாக்கடை வைத்திருப்பவன். அவள் வாப்பா இறந்தபோது சந்தூக்குப் பெட்டியைத் தூக்கியவர்களில் ஒருவன். அவன் கையைப் பிடித்து இழுத்தாள்.

"விடுங்க இத்தா. நீங்க பறஞ்சதுதானே இது? நியூஸ்ல கேட்டுட்டுத்தானே வந்தோம்."

"நான் பறயல அல்தாஃபே. அது என் சத்தம், நான் இல்ல. மெஷின் பறயுது."

அவனுக்கு அது விளங்கவில்லை. யாருக்கும் கேட்கவுமில்லை. கூட்டத்தை நிறுத்த அவளிடம் இருந்தது ஒன்றே ஒன்றுதான். மைக் முன்னால் உட்கார்ந்திருந்த நாட்களைப்போல முதுகை நிமிர்த்தி, செய்தி வாசிக்கும் குரலில், உரக்க, வாசிப்பது நௌஷிதா என்று தொடங்கினாள். பரவுகிற செய்தி பொய், இந்த மனிதரை எனக்குத் தெரியும் என்றாள்.

கூட்டம் ஒரு கணம் அடங்கியது. பிறகு பின்னாலிருந்து ஒருவன், "கேட்டியா, அதே சத்தம். அப்ப நியூஸ் உள்ளதுதான்," என்றான். அவள் குரல்தான் என்று உறுதியானதும் செய்தியும் உறுதியாகிவிட்டது. அவள் சொன்ன மற்ற எதுவும் அவர்கள் காதில் ஏறவில்லை. முன்னைவிட வேகமாக விழுந்து அடித்தார்கள்.

நௌஷிதா இசக்கிதுரையின் மேல் குப்புற விழுந்து மறைத்தாள். இடுப்பில் ஓர் உதை விழுந்தது. முடியைப் பிடித்து யாரோ இழுத்தார்கள். தலையைத் தூக்கினாள். அல்தாஃப் ஓங்கிய கம்பி இறங்குவதைப் பார்த்தாள். தாடை உடைந்த சத்தம் அவளுக்கு உள்ளேயிருந்து கேட்டது. அல்தாஃப் கம்பியைக் கீழே போட்டுவிட்டுத் தன் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றான். அப்போதுதான் போலீஸ் ஜீப் வந்தது.

இசக்கிதுரை மூன்றாம் நாள் இறந்தார். ஆஸ்பத்திரி வார்டு டிவியில் உள்ளூர்ச் சேனல் அதைச் சொன்னது. மட்டாஞ்சேரியில் கும்பல் தாக்கியவர் மரணம், தடுக்க முயன்ற பெண்ணும் படுகாயம் என்று அவள் குரலிலேயே வாசித்தது. தாடையைக் கம்பியால் கட்டியிருந்ததால் அவளால் ஒரு சொல்லும் பேச முடியவில்லை. பக்கத்துக் கட்டில்காரி டிவியையும் அவளையும் மாறிமாறிப் பார்த்தாள். நௌஷிதா போர்வையை முகத்தின்மேல் இழுத்துக்கொண்டாள்.

அந்தப் பொய்ச் செய்தியைச் செய்தவன் களமசேரியில் அறை எடுத்திருந்த ஒருவன் என்று போலீஸ் கண்டுபிடித்தது. சேனல் செய்திகளிலிருந்து குரலை எடுத்து, இலவச ஆப் ஒன்றில் பத்து நிமிஷத்தில் செய்தானாம். இணையத்தில் தன் பக்கத்தை நிறையப் பேர் பார்க்கட்டும் என்றுதான் செய்தானாம்.

வாக்குமூலம் எடுக்கப் போலீஸ் வரவிருந்த அன்று அல்தாஃபின் மனைவி ஷபானா கஞ்சியோடு வந்தாள். கட்டிலின் காலடியில் உட்கார்ந்து வெகுநேரம் அழுதாள்.

"ஆரு அடிச்சதுன்னு கண்டில்லான்னு எழுதிக் குடுங்க இத்தா. கூட்டமாத்தானே இருந்துச்சு. அவரு உங்க சத்தத்தை நம்பித்தானே போனாரு."

அந்தக் கடைசி வாக்கியம் நௌஷிதாவை நெடுநேரம் விடவில்லை. அது பொய்யில்லை. ஆனால் அவள் நேரில் நின்று சொன்னதையும் அவன் கேட்டான்; கேட்டும் ஓங்கினான். ஷபானாவின் கையைத் தடவிக் கொடுத்தாள். கஞ்சியை ஸ்ட்ரா போட்டுக் கொஞ்சம் குடித்தாள். எஸ்.ஐ. வந்து தாளை நீட்டியபோது, ஷபானா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருக்கவே, மலையாளத்தில் எழுதினாள். அடித்தவர்களில் தனக்குத் தெரிந்த பதினொரு பேரின் பெயர்கள். முதல் பெயர் அல்தாஃப்.