பச்சைக் கண்ணாடித்தாள்

எங்கள் மாமனார் கார் வாங்கியது ஊருக்குத் தெரிய வேண்டும். அந்தக் காரில் போகிற பெண்களின் முகம் மட்டும் ஊருக்குத் தெரியக்கூடாது. மேலகரத்தில் அப்போது கார் வைத்திருந்த வீடுகளை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். குற்றாலத்துக்குச் சீசனுக்கு வந்த வெளியூர்க்காரர் ஒருவர் விற்றுவிட்டுப் போன கறுப்புக் கார் அது. அறுபதுகளின் தொடக்கம். நான் அந்த வீட்டுக்கு மருமகளாகப் போய் இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது.

வாங்கிய கையோடு ஜன்னல்களுக்கு ஊதா நிறத்தில் துணித்திரை தைத்துப் போட்டார்கள். மேலே கம்பியில் கோத்திருக்கும், கீழே பிடிப்பு கிடையாது. வெள்ளிக்கிழமைதோறும் அந்தக் காரில் அத்தையும் நானும் பாவூர்சத்திரத்துக்கு அந்தப் பக்கம் இருந்த அவர்களுடைய குலசாமி கோயிலுக்குப் போவோம். எனக்குப் பிள்ளை பிறக்கும்வரை வாராவாரம் வந்து விளக்கேற்றுவதாக அத்தை நேர்ந்திருந்தாள். கல்யாணமாகி இரண்டு மாதத்தில் இவ்வளவு என்ன அவசரம் என்று கேட்க எனக்கு வாய் துறுதுறுத்தது. மேலகரத்திலிருந்து பாவூர்சத்திரம் போகிற கார் தென்காசிக்குள் புகுந்துதான் போக வேண்டும். அங்கே அந்த ரோட்டின் மேலேயே என் பிறந்த வீடு இருந்தது. அந்த வீட்டில் அம்மா தனியாக இருந்தாள்.

இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. காரணத்தை இன்று சொன்னால் சிரிப்பார்கள். மறுவீட்டு விருந்துக்குச் சம்பந்தக்காரர்களை அழைக்க அம்மா நேரில் வராமல் தன் தம்பியை அனுப்பினாள். அப்பா இறந்து ஆறு வருஷமாகியிருந்தது. வெற்றிலைபாக்குத் தட்டோடு நாம் எப்படிப் போய் அடுத்தவர் வாசலில் நிற்பது என்று அவள் ஒதுங்கிக்கொண்டாள். பெண்ணைக் கொடுத்தவளுக்கு வந்து கூப்பிட முடியவில்லையா, அவ்வளவு மிதப்பா என்று இவர்கள் முறுக்கிக்கொண்டார்கள். வந்திருந்தால், நல்ல காரியத்துக்கு இவள் எதற்கு முன்னால் வந்து நிற்கிறாள் என்று கேட்டிருப்பார்கள். எனக்கு அவர்களை நன்றாகத் தெரியும். ஆக அம்மா இங்கே வரக்கூடாது, நான் அங்கே போகக்கூடாது என்று ஆகிவிட்டது. கடிதம் எழுதினாலும் மாமனாரான மாமா கையில் கொடுத்துத்தான் தபாலில் சேர்க்க வேண்டும், அவர் படிக்காமல் சேர்க்கிறவர் இல்லை. என் கணவர் நல்லவர். அப்பா முன்னால் வாயே திறக்காத அளவுக்கு நல்லவர்.

அந்த நிலைமையில் எனக்குத் துணை நின்றது காற்றுதான். ஆனி, ஆடியில் மலைப்பக்கமிருந்து வருகிற சாரல் காற்று தென்காசி ரோட்டில் சும்மா இருக்காது. எங்கள் வீட்டுக்கு முன்னால் இருந்த வளைவில் டிரைவர் அண்ணாச்சி ஹாரன் அடிப்பார். அம்மா வந்து கதவை ஒட்டிப் பாதி மறைவாக நிற்பாள். கோயிலுக்குப் போகிற காருக்கு முன்னால் தான் வந்து சகுனம் கெட்டுவிடக்கூடாது என்று அவளுக்குப் பயம். என்னைப் பார்க்கிற ஆசையில்கூட அவள் அந்த மறைவை விட்டு ஓர் அடி முன்னால் வந்ததில்லை. இடதுபக்கம் நான் உட்கார்ந்திருப்பேன். காற்றில் திரை மேலே எழும்பும். எண்ணி இரண்டு நொடி. அதற்குள் அவள் என் நெற்றியையும் கழுத்தையும் கன்னத்தையும் பார்த்துவிடுவாள். அதற்குள் நானும் மடியிலிருந்து கையை எடுத்து ஒரு தடவை அசைத்துவிடுவேன். அந்த இரண்டு நொடியை வைத்துக்கொண்டு ஒரு வாரத்தை ஓட்டினேன் என்றால் நம்புவீர்களா? ஓட்டினேன்.

மாமாவுக்கு ஆகாத ஒருத்தர் கடைத்தெருவில் வைத்து, உங்க வீட்டு மருமகளைக் கார்ல பாத்தேனே என்று சொல்லித் தொலைத்தார். அன்றைக்கே திரையின் கீழ்முனைகளை இழுத்துக் கட்டிவிட்டார்கள். அடுத்த வெள்ளி இருட்டறையில் போவதுபோல் போனோம். நல்லவேளை, அத்தைக்குப் புழுக்கம் தாங்காமல் தலைசுற்றல் வந்துவிட்டது. இனி அந்தத் திரை இருந்தால் நான் ஏறமாட்டேன் என்று அவள் ஒரே பிடியாக நின்றாள். அப்போதுதான் கண்ணாடித்தாள் யோசனை வந்தது. நாடகக் கொட்டகையில் விளக்குக்கு முன்னால் பிடிப்பார்களே, அந்த மாதிரி கலர்த் தாள், கொஞ்சம் தடிப்பாக. ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிவிட்டால் வெளிச்சமும் வரும், டிரைவர் பக்கம் மட்டும் திறந்து வைத்தால் காற்றும் வரும், வெளியே இருப்பவனுக்கு முகமும் தெரியாது என்றார்கள்.

தென்காசியில் காருக்கு சீட் உறை தைக்கிற ஒருவர் துண்டு துண்டாகத் தாள்களைக் கொண்டுவந்து கூடத்தில் பரப்பினார். ஊதா, நீலம், பச்சை, தேன் நிறம். மாமா நல்ல அடர்த்தியான நீலத்தைக் கையில் எடுத்துக்கொண்டார். அத்தை என்னைக் கூப்பிட்டு, பள்ளிக்கூடம் போனவளாச்சே, நீ பாத்துச் சொல்லு என்றாள். அந்த வீட்டில் என்னிடம் கேட்டுச் செய்த முதல் காரியம் அது.

ஒவ்வொரு தாளாக எடுத்துக் கண்ணுக்கு நேரே பிடித்து ஜன்னல் கம்பி வழியாக முற்றத்தைப் பார்த்தேன். வெயில் அடித்துக்கொண்டிருந்தது. நீலத்தில் எல்லாம் மங்கிப் போயிற்று. தேன் நிறத்தில் கண் கூசியது. பச்சையில் முற்றம் அப்படியே தெரிந்தது. கொடியில் காய்ந்த வேட்டியின் கரை, தொழுவத்துக் கன்றுக்குட்டியின் காது, எல்லாமே பளிச்சென்று தெரிந்தன. எனக்கு இவ்வளவு தெரிந்தால் அம்மாவுக்கும் என்னை இவ்வளவு தெரியும் என்று நானே கணக்குப் போட்டுக்கொண்டேன். நீலத்தைத் தள்ளிவிட வேண்டுமே! நீலத்தில் பார்த்தால் உங்கள் முகம் சீக்காளி முகம் மாதிரி இருக்கிறது என்று அத்தை காதில் போட்டேன். அத்தை அந்தத் தாளைக் கையால்கூடத் தொடவில்லை. பச்சை மங்கலமான நிறம், பயிர் நிறம் என்று அவளே மாமாவிடம் வாதாடினாள். நான் ஜெயித்துவிட்டேன். அன்று ராத்திரி சாதம் ஒரு கை கூடுதலாக இறங்கியது.

அடுத்த வெள்ளி நல்ல சேலையாகப் பார்த்து உடுத்திக்கொண்டேன். ஹாரன் அடித்தது. அம்மா வந்தாள். காற்றுக்குத் திரை எழும்பக் காத்திருக்க வேண்டியதில்லை, வளைவு திரும்பியதிலிருந்தே அவளை முழுசாகப் பார்த்தேன். புடவைத் தலைப்பில் ஈரக் கையைத் துடைத்தாள். கொஞ்சம் மெலிந்திருந்தாள். நான் கையைத் தூக்கி அசைத்தேன். அவளுடைய கண்கள் முன் ஜன்னலிலிருந்து பின் ஜன்னல்வரை ஓடின, என் மேல் பட்டன, நிற்காமல் தாண்டிப் போயின. பிறகு முன் ஜன்னலுக்கே திரும்பி அதைப் பார்த்துச் சிரித்தாள். முன் சீட்டில் தேங்காய்ப் பழக் கூடைதான் இருந்தது.

வீடு திரும்பியதும் நான் முதலில் இறங்கி, அத்தை இறங்குவதற்குள் அந்தக் கண்ணாடியைப் பார்த்தேன். உள்ளே அத்தை இருந்த அடையாளமே இல்லை. தென்னை மரமும் என் முகமும்தான் அதில் தெரிந்தன. மாமா சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, மருமக நல்லாத்தான் பொறுக்கியிருக்கா என்றார். நான் உள்ளே போய் அரிசி அளக்கிற சாக்கில் மச்சு அறையில் அழுதேன். நீலத்தை ஒட்டியிருந்தால் மாமா மேல் பழியைப் போட்டிருப்பேன். இது நான் என் கையால் பொறுக்கியது.

கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிப் பார்க்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. குமட்டுகிறது, காற்று வேண்டும் என்று ஒரு வெள்ளிக்கிழமை வளைவு வருவதற்கு முன்னால் கைப்பிடியைச் சுழற்றப் போனேன். குமட்டல் என்ற சொல் காதில் விழுந்ததும் அத்தை என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு குலசாமியைக் கும்பிட ஆரம்பித்துவிட்டாள். அந்தப் பிடியிலேயே எங்கள் வீடு தாண்டிப் போயிற்று. அப்படி ஒன்றும் இல்லை என்று தெரிந்தபோது ஒரு வாரம் அத்தை என்னோடு பேசவில்லை. அதற்குப் பிறகு நான் கைப்பிடி பக்கம் போகவில்லை.

அப்படி ஒரு வருஷத்துக்கு மேல் போயிற்று. நான் வாராவாரம் அம்மாவைப் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருந்தால்கூட இவ்வளவு ஏங்கியிருக்க மாட்டேன். அவளுக்குக் காதோரம் நரை ஏறியதைப் பார்த்தேன். ஒரு மாதம் முழங்கையில் துணி சுற்றியிருந்தாள். என்ன ஆயிற்று என்று கேட்க வழியில்லை. எண்ணெய்ச் சட்டி பட்டிருக்குமா, விழுந்துவிட்டாளா என்று ராப்பகலாக நினைத்துக்கொண்டே கிடந்தேன். யாரும் பார்க்காதபோது ஒருத்தியின் முகம் எப்படி இருக்கும் என்று பெற்ற தாயிடம் பார்க்கக்கூடாது. நான் பார்த்தேன்.

கடைசியில் நிஜமாகவே உண்டானேன். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான். அந்த வழக்கத்தை மீற மாமாவுக்கும் தைரியம் கிடையாது. ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து அதே காரில் கொண்டுவந்து இறக்கிவிட்டார்கள். கார் கிளம்பிப் போகிறவரை அம்மா பக்கத்தில் வரவில்லை. போன பிறகு வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். தாளைப் பொறுக்கியது நான்தான் என்று சொல்லிவிட வேண்டுமென்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்திருந்தேன். வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"ஏட்டி, அம்மை ஒன்னப் பாக்காம இருந்தேன்னா நெனச்ச? வாராவாரம் பாத்துக்கிட்டுத்தான இருந்தேன். ஒரு வெள்ளிகூட நீ தப்பல."

வீட்டுக்கு விலக்கான நாட்களில் நான் பின்கட்டில் கிடந்திருக்கிறேன். ஐந்தாம் மாதத்திலிருந்து, வண்டி குலுங்கக்கூடாதென்று என்னை ஏற்றவே இல்லை. அந்த வெள்ளிகளில் அத்தை மட்டும்தான் போனாள்.

"ஆமாம்மா," என்றேன். "ஒரு வாரம் விடாம நானும் கையைக் காட்டுனேன்."

அம்மா என் கையை விட்டுவிட்டு அப்படியே கீழே உட்கார்ந்தாள். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"அப்பம் நெசமாவே நீ உள்ளதான் இருந்திருக்க," என்றாள்.