விருந்தாளி மறுத்த ஜெபம்

இதை எழுதலாமா வேண்டாமா என்று ஆறேழு வருடம் யோசித்தேன். எழுத உட்காருவேன், சபையில் என்ன சொல்வார்களோ என்று எழுந்துவிடுவேன். இப்போது மகளே "எழுதும்மா, பேர் மட்டும் போடாத" என்றதால் எழுதுகிறேன். நான் எட்டாவது வரை படித்தவள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2009-ஆம் வருடம், ஆடிக்காற்று கூரை ஓடுகளைப் பிய்த்துக்கொண்டிருந்த ஒரு சனிக்கிழமை. கம்பத்தில் எங்கள் வீடு. கணவருக்குக் காமயகவுண்டன்பட்டியில் கொஞ்சம் திராட்சைத் தோட்டம். பக்கத்துக் கிறிஸ்தவக் கல்லூரிக்குத் தேவசெய்தி கொடுக்க வருகிற ஊழியக்காரர்களுக்குச் சபைக் குடும்பங்கள் முறை வைத்துச் சாப்பாடு போடுவோம். சாப்பிட்டு முடித்ததும் அவர்கள் வீட்டாரின் தலையில் கைவைத்து, வீட்டுக் காரியத்துக்காக ஜெபித்துவிட்டுப் போவார்கள். அன்று எங்கள் முறை.

எங்கள் காரியம் மகளின் கல்யாணம். அதே கல்லூரியில் பி.ஏ. முடித்திருந்தாள். உத்தமபாளையத்தில் மாப்பிள்ளை பார்த்து, அடுத்த வியாழன் நிச்சயம் என்று பேசியாகிவிட்டது. இவளோ வேண்டாம் என்கிறாள். காரணம் கேட்டால் வாய் திறப்பதில்லை, சோறும் இறங்குவதில்லை. ஊழியக்காரர் ஜெபித்தால் மனம் மாறும் என்று நம்பியிருந்தேன்.

பஸ் ஸ்டாண்டுக்குப் போன கணவர், கையில் வேதாகமத்தோடு நின்ற இரண்டு பேரை அழைத்து வந்தார். முப்பது வயதுப் பெண் ஒருத்தி, அவளைவிட இளையவராக ஒரு தம்பி. "காலேஜுக்குத்தானே?" என்று இவர் கேட்டிருக்கிறார், அவர்களும் ஆமாம் என்றிருக்கிறார்கள். தங்களைக் கூப்பிட்ட பேராசிரியைதான் சாப்பாட்டுக்கு ஏற்பாடு செய்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டார்கள்.

நாட்டுக்கோழிக் குழம்பு. "ஊழியக்காரக வந்தாலே எங்க வீட்டுக் கோழிகளுக்கு உபத்திரவ காலந்தான்" என்று இவர் சொல்ல, அந்தத் தம்பிக்குப் புரையேறிவிட்டது.

கை கழுவி வந்ததும், மகளை அந்தப் பெண்ணின் முன்னால் முழங்கால் போட வைத்தேன். "இவ மனசு மாறிக் கல்யாணத்துக்குச் சம்மதிக்கணும்னு ஜெபிங்கம்மா" என்றேன். அந்தப் பெண் மகளின் தலையில் கையை வைத்தாள். பிறகு கையை எடுத்துவிட்டாள்.

"உங்க வீட்டுச் சோத்தச் சாப்பிட்டுட்டுப் பொய்யா ஜெபிக்க முடியலம்மா. நாங்க ஊழியக்காரங்க இல்ல. என்னையும் இப்படித்தான் முழங்கால் போட வச்சு நிறையப் பேரு ஜெபிச்சாங்க. எனக்கு ஆம்பளைங்க மேல மனசு போகாது, பொண்ணுங்க மேலதான் போகும். இந்தத் தம்பிக்கு ஆம்பளைங்க மேல. ஆனா நாங்க ஆண்டவர விடல. எங்கள மாதிரிப் பிள்ளைங்க கிறிஸ்தவக் கல்லூரிகள்ல ஒளிஞ்சு கிடக்காங்க. அவங்களோட பேசத்தான் வந்திருக்கோம்."

இவர் மோர்ச் சொம்போடு அப்படியே நின்றார். வெளியே போங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் குனிந்து மகளிடம், "உனக்கு என்ன வேணும்னு ஜெபிக்கட்டும் தங்கச்சி?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்வியை எங்கள் வீட்டில் யாரும் அவளிடம் கேட்டதில்லை.

"பயம் போகணும்க்கா" என்றாள் மகள். "எங்கம்மாவும் அப்பாவும் என்னையக் கைவிட்றக் கூடாது."

அந்தப் பெண் அதையே ஜெபித்தாள், இரண்டே வரி. பிறகு பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

அடுப்படியில் மகள் சொன்னாள், தானும் அந்த அக்காவைப் போலத்தான் என்று. நான் அழுதேன், ஏசினேன், வேதாகமத்தைத் திறந்து வசனம் வசனமாகக் காட்டினேன். "இதெல்லாம் நான் வாசிச்சு அழுததுதாம்மா" என்றாள். இவர் என்னைப் பார்த்து, "விடு. நிச்சயத்த நிறுத்திருவோம். அந்த வீட்டுப் பய என்ன பாவம் பண்ணுனான்?" என்றார். அப்புறம் மகளிடம், "ஆத்தா, மொதல்ல சாப்பிடு" என்றார். மறுநாள் ஆராதனை முடிந்ததும் உத்தமபாளையம் போய், கேட்க வேண்டிய பேச்சையெல்லாம் கேட்டுக்கொண்டு வந்தார்.

நிஜ ஊழியக்காரர்கள் சனிக்கிழமை சாயங்காலந்தான் வந்து சேர்ந்தார்கள். பஸ் ஆண்டிபட்டியில் பழுதாகி நின்றுவிட்டதாம். மிச்சக் குழம்பு அவர்களுக்குத்தான். கல்யாணக் காரியம் பற்றி நான் வாயே திறக்கவில்லை.

அந்த அக்காவும் தம்பியும் பேசுவதைக் கேட்கத் திங்கட்கிழமை மகள் கல்லூரிக்குக் கிளம்பினாள், தனியே விட மனமில்லாமல் நானும் போனேன். அந்த இரண்டு பேருக்கும் பெரிய ஹாலைத் தரவில்லை. கதவைத் திறந்துவைத்துப் பேச வேண்டும் என்று சொல்லி ஒரு வகுப்பறையை விட்டிருந்தார்கள். சண்டை எதுவும் இல்லை. ஒரு மாணவி மட்டும் தலையைக் குனிந்தபடி, "இப்படி இருக்குற நான் சபையில திருவிருந்து அப்பம் எடுக்கலாமாக்கா?" என்று கேட்டாள். அந்தப் பெண், "நான் எடுக்குறேன். எடுக்கும்போதெல்லாம் கை நடுங்கும். இருந்தாலும் எடுக்குறேன்" என்றாள். எனக்கும் திருவிருந்து எடுக்கையில் கை நடுங்கும். அது எனக்கு மட்டும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

மகள் இப்போது கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறாள். ஒரு சிநேகிதியோடு சேர்ந்து வாழ்கிறாள். திராட்சை அறுப்புக்கு இரண்டு பேரும் வருவார்கள். சபையில் சிலர் எங்களோடு பேசுவதில்லை. எல்லா வசனமும் எனக்கு விளங்கிவிட்டது என்று சொல்லமாட்டேன். விளங்காததை ஆண்டவரிடமே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இதைப் படிக்கிறவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். ஆனால் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். மகள் திருந்திவிட்டாள் என்றோ, நாங்கள் விசுவாசத்தை விட்டுவிட்டோம் என்றோ மாற்றிவிடாதீர்கள். இரண்டுமே நடக்கவில்லை. பிள்ளைக்காக ஜெபிக்கும் முன்னால் பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்பதை மட்டும், ஆள் மாறி வந்து எங்கள் வீட்டில் சாப்பிட்ட இரண்டு பேரிடம் கற்றுக்கொண்டேன்.