பானெட்டுக்குள் வைத்த பொரி

ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை. உங்களில் பலர் மிச்சமிருந்த சுண்டலைச் சாப்பிட்டுக்கொண்டிருந்திருப்பீர்கள். தோட்டத்து ஆஸ்பத்திரி நர்ஸான நான், செடெனாக் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், கிளம்ப மறுத்த ஒரு காரின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

பின் இருக்கையில் லெச்சுமி. பால்வெட்டுக்காரி. நிறைமாதம். வயிற்றில் குழந்தை குறுக்கே கிடந்தது... ஒரு கை மட்டும் வெளியே வந்துவிட்டது. இந்த நிலையில் இழுக்கக் கூடாது, காத்திருக்கவும் கூடாது. மருத்துவச்சிப் பயிற்சியில் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லித் தருவார்கள். டாக்டர்தான் குழந்தையைத் திருப்ப வேண்டும். டாக்டர் இருப்பதோ ஜொகூர் பாருவில். தாமதமானால் குழந்தை போய்விடும். இன்னும் தாமதமானால் தாயும்.

தோட்ட மேனேஜர் துரையின் கார் சிங்கப்பூர் போயிருந்தது. ரயில் மதியத்துக்கு மேல்தான். மிச்சம் இந்த ஆஸ்பத்திரிக் கார் ஒன்றுதான்.

டிரைவர் முனியாண்டி அண்ணன் ஹேண்டில் போட்டுச் சுற்றினார். மறுபடியும் சுற்றினார். எஞ்சின் இருமக்கூட இல்லை.

பதற்றம் வந்தால் வரிசையாக யோசிப்பது என் வழக்கம். பெட்ரோல் — இருந்தது. பேட்டரி — ஹார்ன் அடித்தது. அடுத்து? பானெட்டைத் தூக்கச் சொன்னேன்.

எஞ்சின் மேல் கிழிந்த வாழை இலை. அதில் ஒட்டிக்கொண்டிருந்த பொரி. சுற்றிலும் எலிப்புழுக்கை.

"அலமாக்..." என்று மலாயில் அரற்றித் தலையில் கை வைத்தார் அண்ணன்.

"இதை யாரு இங்க வச்சது?"

"நான்தான் மிஸ்ஸி. எஞ்சினுக்குத்தானே பூசை? வெளிய வச்சா காக்கா தூக்கிட்டுப் போயிடும்னு உள்ள வச்சு மூடிட்டேன்."

காக்கை வரவில்லை. உண்மைதான். ஆனால் பொரி, கடலை, வெல்லம், மழைக்கு ஒதுங்க ஒரு மூடி — எலிக்கு வேறென்ன வேண்டும்? வெல்லம் தீர்ந்ததும் வயருக்கு வந்திருக்கிறது. மெழுகு பூசிய நூல் சுற்றிய வயர். எஞ்சினுக்குத் தீப்பொறி தரும் காயிலிலிருந்து போகும் நடு வயர் செம்புவரை கடித்து அறுக்கப்பட்டிருந்தது. பயிற்சிக் காலத்தில் மின்சாரச் சிகிச்சை அறையில் வேலை பார்த்தவள் நான். அறுந்த வயரைச் சேர்ப்பது எனக்குப் பெரிய வித்தை இல்லை.

வயரைச் சீவ ஒரு கத்தி, முறுக்க ஒரு குறடு. இரண்டும் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தன. கார்க் கொட்டகைச் சுவரோரம், பலகையின் மேல், சந்தனம் குங்குமம் வைத்து, பூச்சூடி.

அண்ணன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"கோயில் பண்டாரம் வந்து தீபாராதனை காட்டணும் மிஸ்ஸி. அதுக்கு முன்னால தொடக் கூடாது."

"வண்டியை மட்டும் எடுக்கலாமா?"

"வண்டிக்கு நேத்தே எலுமிச்சம்பழம் நசுக்கி உத்தரவு வாங்கியாச்சு. ஆஸ்பத்திரி வண்டி நிக்கக் கூடாதுன்னு பண்டாரமே சொன்னாரு. சாமானுக்கு யாரும் கேக்கல."

அதாவது வண்டிக்கு விடுதலை. வண்டியைப் பழுது பார்க்கும் சாமானுக்குக் காவல். நாங்கள் யாருமே யோசிக்காத இடம்.

என் பையில் கத்தரிக்கோல் உண்டு. கொதிநீரில் போட்டுத் துணியில் சுற்றி வைத்தது. வழியில் பிரசவமாகிவிட்டால் தொப்புள்கொடியை அதனால்தான் வெட்ட வேண்டும். அதை எலி கடித்த வயரில் வைப்பேனா?

"நீங்க தொட வேண்டாம். நான் எடுக்கிறேன்."

"நீங்க வேதக்காரவுங்க, சர்ச்சுக்குப் போறவுங்க. உங்களை ஒன்னும் சொல்ல மாட்டாங்க. பிள்ளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா, முனியாண்டி சாமான் பூசைய விட்டான், அதான் இப்படின்னு லைன் வீடு பூரா பேசும். நான் இங்கதான மிஸ்ஸி இருக்கணும்?"

அவர் பயம் சாமியிடம் மட்டும் இல்லை. லெச்சுமியின் புருஷன் ஆறுமுகம் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். அந்தப் பேச்சைப் பேசக்கூடிய முதல் ஆள் அவன்தான்.

"பண்டாரம் வர்ற வரைக்கும் இது தாங்குமா மிஸ்ஸி?" என்றான்.

"தாங்காது."

அப்போதுதான் லெச்சுமி பேசினாள். ஒரு வலிக்கும் அடுத்த வலிக்கும் நடுவில், கண்ணைத் திறக்காமலே.

"அண்ணே... பிள்ளையார் ஏறிப் போற எலி, நான் ஏறிப் போற காரைத் தின்னுடுச்சு. அவருகிட்ட நான் பேசிக்கிறேன். நீங்க குறடை எடுங்க."

யாரும் சிரிக்கவில்லை. ஆறுமுகம் தலையை ஆட்டினான். அண்ணன் கன்னத்தில் போட்டுக்கொண்டு, குறட்டின் மேலிருந்த பூவை எடுத்துக் காதில் செருகிக்கொண்டார். அதன் பிறகு ஒரு நொடிகூட வீணாகவில்லை.

வயரைச் சீவி முறுக்கினோம். என் பையிலிருந்த ரப்பர் குழாயில் ஒரு துண்டை மேலே செருகி, புண்ணுக்கு ஒட்டும் பிளாஸ்டரை இறுக்கிச் சுற்றினேன். ஹேண்டிலைச் சுற்றியதும் எஞ்சின் உறுமியது.

"எங்கேயும் எஞ்சினை நிறுத்தாதீங்க," என்றேன்.

குலாய் தாண்டியதும் ரப்பர் கருகும் வாடை. அடுத்து வந்த மேட்டில் எஞ்சின் ஒரு தடவை விட்டு அடித்தது. அண்ணன் கியரை மாற்றினாரே தவிர, திரும்பிப் பார்க்கவில்லை. நான் வெளியே வந்திருந்த அந்தப் பிஞ்சுக் கையை ஈரத்துணிக்குள் பிடித்துக்கொண்டிருந்தேன். முதலில் விரல்கள் அசைந்தன. பிறகு அசையவில்லை. ஆறுமுகம் லெச்சுமியின் நெற்றியைத் துடைத்துக்கொண்டே வந்தான்.

ஜொகூர் பாரு ஆஸ்பத்திரியில் டாக்டர் உடனே அவளை உள்ளே கொண்டுபோகச் சொன்னார். கதவு மூடியது. நாங்கள் மூவரும் வராந்தாவில், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல்...

பெண் குழந்தை. அழவே இல்லை. தலைகீழாகப் பிடித்துத் தட்டி, வெந்நீரிலும் பச்சைத் தண்ணீரிலும் மாற்றி மாற்றி முக்கி... கடைசியில் ஒரு கீச்சுக் குரல். நீலம் பாரித்த அந்தக் கை இப்போது விரல் கொடுத்தால் பிடித்துக்கொள்கிறது. தாயும் நலம்.

கார் வைத்திருக்கும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. படையலை வண்டிக்கு முன்னால் முக்காலியில் வையுங்கள், முடிந்ததும் எடுத்துவிடுங்கள். வயர்களை ரப்பர் குழாய்க்குள் விடுங்கள். கொட்டகையில் தானியம் சிந்தியிருந்தால் பெருக்குங்கள். முக்கியமாக, அவசரம் வருவதற்கு முன்பே பானெட்டைத் திறந்து பாருங்கள்.

முனியாண்டி அண்ணன் முன்பெல்லாம் காலையில் வண்டியைக் கும்பிட்டுவிட்டுத்தான் பானெட்டைத் திறப்பார். இப்போது திறந்து பார்த்துவிட்டுக் கும்பிடுகிறார்.

வரிசைதான் மாறியிருக்கிறது. பக்தி குறையவில்லை.