அடியில் போன செம்மண்

பெங்களூரில் இருக்கிறோம் என்றால் உறவுக்காரர்கள் உயரமான கட்டடங்களைத்தான் நினைக்கிறார்கள். பொம்மசந்திராவைத் தாண்டி பஸ்ஸை விட்டு இறங்கி, மண் பாதையில் வெகுதூரம் நடந்தால் வருகிற கல்குவாரியின் விளிம்பில்தான் எங்கள் வீடு. தர்மபுரிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி இங்கே வந்தவள் நான். அந்தக் கட்டடங்களுக்குப் போன ஜல்லியில் நான் சுமந்ததும் கொஞ்சம் இருக்கும்.

குவாரியை மூடிவிட்டார்கள். கல் தீர்ந்து பெரிய குழிதான் மிச்சம். முதலாளி அதை நிரவிக் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும், நிரவிய இடத்தில் இங்கே குடியிருப்பவர்கள் கீரை போட்டுக்கொள்ளலாம் என்று பஞ்சாயத்தில் பேசி முடித்தார்கள். அதைக் கேட்ட நாளில்தான் என் மகன் முகத்தில் ரொம்ப நாளைக்குப் பிறகு சிரிப்பைப் பார்த்தேன். சின்ன வயதிலிருந்து பாறையில் குழி போடும் மிஷினைப் பிடித்தவன். நெஞ்சு முழுக்கக் கல்தூள் என்று டாக்டர் எக்ஸ்ரே படத்தைத் தூக்கிக் காட்டினார். இனி ஒரு பிடி தூள்கூட உள்ளே போகக் கூடாது என்றார். பொம்மசந்திராவில் வாட்ச்மேன் வேலைக்குப் போய்ப் பார்த்தான். இருமுகிறவனை யார் வைத்துக்கொள்வார்கள்? கீரைதான் வழி என்று ஆகிவிட்டது.

வேலை தொடங்கும் முன் ஒரு அதிகாரி ஜீப்பில் வந்தார். கன்னடமும் தமிழும் கலந்து பேசினார்.

"கீழே தொட்ட கல்லு, பெரிய கல்லு. அது மேல சின்ன கல்லு, அப்புறம் கிராவல். செம்மண் கடைசில. கொத்தாய்த்தா, புரிஞ்சுதா?"

"ஆய்த்து சார், ஆய்த்து" என்று எல்லோரும் தலையை ஆட்டினோம். ஜீப் போய்விட்டது. பிறகு வரவில்லை.

செம்மண் என்று அவர் சொன்னது குழிக்குப் பக்கத்தில் மேடாகக் கிடந்தது. குவாரி திறக்கும்போது பாறைக்கு மேலே இருந்த மண்ணை வழித்து அங்கே கொட்டியிருந்தார்கள். தும்பையும் ஆவாரையும் அதில் தானாக முளைத்துக் கிடக்கும், ஆடுகள் ஏறி மேயும். எங்கள் பேச்சில் அதற்குக் கழிவு என்றுதான் பேர். மண்ணை ஒதுக்கினால்தான் கல், கல் வந்தால்தான் கூலி. அப்படியே பழகிய கூட்டம் நாங்கள்.

ஜேசிபி வந்ததும் மேஸ்திரி கத்தினார். "முதல்ல கழிவைத் தள்ளுங்கடா உள்ள. நல்ல கல்லை மேல போடுவோம். நாளைக்கு எவனாச்சும் வந்து பார்த்தா குவாரிக்காரன் வேலைன்னு தெரிய வேணாமா?"

என் மகன்தான் விளிம்பில் நின்று துண்டை ஆட்டி வழிகாட்டினான். மேடு முழுவதும் ஆவாரையோடு சேர்ந்து குழிக்குள் சரிந்தது. அதன்மேல் கிராவல், அதன்மேல் விற்காமல் கிடந்த உடைகல், கடைசியாகக் கல்லை அரைக்கிற கிரஷரின் தூள். தூளைச் சட்டி சட்டியாகப் பரப்பி மட்டம் பார்த்தது பெண்கள் நாங்கள். சிமெண்டுத் தரை மாதிரி வந்தது.

"யக்கோவ், மாக்கோலம் போடலாம் போல இருக்குதே" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

"உன் பொண்ணு கல்யாணத்துக்குப் பந்தலே போடு" என்றார் மேஸ்திரி. எல்லோரும் சிரித்தோம். நானும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தேன்.

சிவாஜிநகர் போய் விதை வாங்கி வந்தோம். அரைக்கீரையும் சிறுகீரையும். தெளித்தோம், தண்ணீர் விட்டோம். ஊற்றுகிற தண்ணீர் நிற்கவே இல்லை. சல்லடையில் ஊற்றினது போலக் கீழே போய்விடும். ஒரு மழைக்கு நூல் மாதிரி கொஞ்சம் முளைத்தது. வெயில் ஏறினதும் அப்படியே படுத்துவிட்டது. மறுபடி தெளித்தோம். அதுவும் அப்படித்தான்.

மருமகள் கைக்கொத்தால் தோண்டிப் பார்த்தாள். தூள், அப்புறம் கல், கல்லுக்கு அடியிலும் கல். நிமிர்ந்து, "இங்க ஒரு செம்மண் மேடு இருந்துச்சே, அது எங்க?" என்று கேட்டாள்.

மேஸ்திரி பீடியைக் கீழே போட்டு மிதித்தார். "அடியில கெடக்குதும்மா. எல்லாத்துக்கும் அடியில."

"நான்தான் தள்ளச் சொல்லி கை காட்டினேன்" என்றான் என் மகன்.

கடப்பாரையை எடுத்து வந்து இறங்கினான். அது மனுஷன் தோண்டி எடுக்கிற ஆழமா? கொஞ்ச நேரத்திலேயே இருமல் வந்து கடப்பாரையைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டான். அவன் குத்தின இடத்திலிருந்து தூள்தான் பறந்தது. திருப்பி எடுத்துக் கொட்ட ஜேசிபி கேட்கலாம் என்று மேஸ்திரி முதலாளிக்குப் போன் போட்டார். மூடின குழி மூடினதுதான் என்று சொல்லிவிட்டார்களாம். பஞ்சாயத்திலும் போய் நின்றோம். "கேட்டது நிலம், குடுத்தாச்சு" என்றார்கள். எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. பேசத் தெரிந்தவர்கள் பேசியும் ஒன்றும் நடக்கவில்லை.

மேலண்டைப் பக்கம் புதிதாக ஒரு குவாரி திறந்திருக்கிறார்கள். அதன் கிரஷருக்கு ஆள் வேண்டும் என்று வந்து கூப்பிட்டார்கள். திங்கட்கிழமை காலையில் மகன் துண்டை மூக்கோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு கிளம்பினான். மருமகள் வாசலில் நின்று அழுதாள். நான் சோற்றுத் தூக்கை அவன் கையில் கொடுத்தேன். போகாதே என்று சொன்னால் அடுப்பு எரிய வேண்டுமே.

சாயங்காலம் புருவமெல்லாம் வெள்ளையாகத் திரும்பி வந்தான். மூச்சு இழுத்தது. வாசலிலேயே உட்காரவைத்துத் தலையில் தண்ணீர் ஊற்றினேன்.

"எப்படிடா இருந்துச்சு?"

கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னான். "கல்லு நல்ல கல்லும்மா. இன்னும் பத்து வருஷத்துக்கு வரும்."